"வியாழக்கிழமையே பார்த்தேன்": கார்ப்பரேட் ஃபைனான்ஸ் பிரிவில் ஓராண்டுப் பயிற்சி மாணவி, ஒரு நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூரில் ஒரு நிதி ஆலோசனை நிறுவனத்தின் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் பிரிவில் 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை பயிற்சி பெற்ற ஒரு மாணவியின் ஆண்டை இங்கே பதிவு செய்கிறேன். நான் அப்போது அந்தப் பிரிவின் துணை மேலாளர், மாணவியின் பணியிட மேற்பார்வையாளர். அவர் இதைப் படித்துப் பார்த்து, இரண்டு இடங்களைத் திருத்திய பிறகே வெளியிடச் சம்மதித்தார். வாடிக்கையாளர் நிறுவனத்தை அடையாளம் காண முடியாதபடி பங்கு எண்ணிக்கைகளையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு மட்டும் நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

பின்னணி

மாணவிக்கு அப்போது 23 வயது. கோல சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர். அப்பா பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், அம்மாவுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை. தமிழ்ப்பள்ளி, தேசிய இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு முடித்து, அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நிதித்துறைப் பட்டப்படிப்பு. வழக்கமான தொழிலியல் பயிற்சி மூன்று முதல் ஆறு மாதம்தான். இவர் படித்தது உயர்கல்வி அமைச்சு கொண்டுவந்த 3யூ1ஐ முறையில்: மூன்று ஆண்டு பல்கலைக்கழகம், கடைசி ஓராண்டு முழுவதும் வேலையிடம்.

எங்கள் பிரிவில் அப்போது பதினோரு பேர். புர்சா மலேசியா என்ற பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் முதல் திரட்டும்போதும், வேறு நிறுவனத்தை வாங்கும்போதும் விற்கும்போதும் ஆலோசனை சொல்வதும், பங்குதாரர்களுக்குப் போகும் விளக்க ஆவணமான சர்குலரைத் தயாரிப்பதும் எங்கள் வேலை. அதற்கு முன் பல பயிற்சி மாணவர்களைப் பார்த்திருக்கிறோம். எல்லாரும் மூன்று மாதத்தில் வந்து போனவர்கள். ஓராண்டுக்கு வந்தவர் இவர்தான் முதல் ஆள். அவருக்கென்று தனித் திட்டம் எதையும் நாங்கள் வகுக்கவில்லை. மூன்று மாதத் திட்டத்தையே இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாதப் படித்தொகை 1,000 வெள்ளி (ரிங்கிட்). செந்தூலில் இன்னும் இரண்டு பெண்களோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டார். காலையில் எல்.ஆர்.டி. ரயில் பிடித்து மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கி அலுவலகத்துக்கு நடந்து வருவார். 50 வெள்ளி மாதச் சீட்டு எடுத்துவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் ரயில் ஏறலாம் என்பது அவருக்குப் பெரிய உதவி. ஆனால் ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும். எங்கள் வேலை அப்படி நிற்பதில்லை. இது பின்னால் மீண்டும் வரும்.

முதல் நான்கு மாதங்கள்

அவர் சேர்ந்தது ஜூலை 4, திங்கட்கிழமை. முதல் இரண்டு நாளும் இரகசியக் காப்பு பற்றிய பயிற்சி. வெளியாகாத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவலை வைத்துக்கொண்டு பங்கு வாங்கினாலும் அடுத்தவருக்குச் சொன்னாலும் 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு பாயும். சிறை பத்தாண்டு வரை போகலாம், அபராதம் பத்து லட்சம் வெள்ளிக்குக் குறையாது. மின்தூக்கியில் கோப்பின் பெயரைச் சொல்லக்கூடாது, நிறுவனங்களுக்குப் புனைபெயர்தான், அச்செடுத்த தாளை மேசையில் விட்டுப் போகக்கூடாது. நான்தான் இந்தப் பயிற்சியை நடத்தினேன். "இங்க கேட்டது எதுவும் வாய்ல வரக்கூடாது" என்று தமிழிலும் ஒருமுறை அழுத்திச் சொன்னேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பாடத்தை அவர் நன்றாகவே பிடித்துக்கொண்டார். அக்டோபர் 24 தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, "பெரிய இடத்துல வேல பாக்குற, எந்தப் பங்கு ஏறும்னு மாமாவுக்குச் சொல்லக்கூடாதா?" என்று தாய்மாமா கேட்டிருக்கிறார். இவர் எதுவும் சொல்லாமல் முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது நான் பாராட்டினேன். பாராட்டியது சரிதான். அதன் மறுபக்கம் எனக்கு அப்போது தெரியவில்லை.

இந்த நான்கு மாதமும் அவர் செய்தவை: எழுத்துப்பிழை பார்த்தல், அட்டவணைகளை ஒழுங்குபடுத்துதல், கூட்டக் குறிப்பு எடுத்தல், வெரிஃபிகேஷன். கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சர்குலரில் வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் ஆதாரம் கோப்பில் இருக்க வேண்டும். "நிறுவனத்துக்கு மூன்று தொழிற்சாலைகள் உண்டு" என்றால் நிலப்பட்டா, "கடன் இவ்வளவு" என்றால் வங்கிக் கடிதம். நூறு பக்க ஆவணத்துக்கு வரி வரியாக எண் போட்டு, ஆதாரத்தைத் தேடி ஒட்டுவார்கள். இதை எல்லாரும் மாணவர் தலையில் கட்டுவார்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு நிறுவனத்தைப் பற்றி அறையில் இருக்கும் எவரையும்விட அதிகம் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. அவருக்கு அது வாய்த்தது. தெரிந்துகொண்டதை வைத்து என்ன செய்வது என்பதைத்தான் நாங்கள் சொல்லித்தரவில்லை.

செப்டம்பரில் நடந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ஒரு கூட்டத்தில், ஒரு வாங்குதலுக்கான விகிதத்தை எந்த ஆண்டின் கணக்கை வைத்துப் போட்டோம் என்று அவர் கேட்டார். மூத்த அதிகாரி ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அதை எழுதி வை, பிறகு பார்க்கலாம் என்றார். குரலில் கடுமை இல்லை. பிறகு யாரும் பார்க்கவில்லை. அந்தக் கேள்வி அவருடைய குறிப்பேட்டில் அப்படியே இருந்ததை டிசம்பரில்தான் கண்டேன்.

கோப்பு

நவம்பரில் ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தின் உரிமைப் பங்கு வெளியீடு எங்களிடம் வந்தது. இருக்கும் பங்குதாரர்களுக்கே புதிய பங்குகளைக் குறைந்த விலையில் கொடுத்து, வரும் பணத்தில் 3 கோடி வெள்ளி வங்கிக் கடனை அடைப்பது நோக்கம். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா, ஓரிரவுக் கொள்கை வட்டி விகிதத்தை (OPR) மே மாதம் 1.75லிருந்து 2 விழுக்காடாக்கியது. ஜூலை 6, செப்டம்பர் 8, நவம்பர் 3 என்று ஒவ்வொரு முறையும் கால் விழுக்காடு ஏற்றி 2.75க்குக் கொண்டுவந்துவிட்டது. நிறுவனத்தின் கடன் மாறும் வட்டியில் இருந்தது. ஒவ்வொரு கால் விழுக்காட்டுக்கும் ஆண்டுக்கு 75,000 வெள்ளி கூடுதல் வட்டி.

வெளியீட்டின் அமைப்பு இது. மொத்தப் பங்குகள் 40 கோடி. நான்கு பங்குக்கு ஒரு புதிய பங்கு, விலை 50 காசு. பெரிய பங்குதாரர் ஒருவரிடம் 10 கோடிப் பங்குகள். யாருமே வாங்காவிட்டாலும் தன் உரிமையான 2.5 கோடியையும், கூடுதலாக 2 கோடியையும் தான் வாங்கிக்கொள்வதாக அவர் எழுத்தில் உறுதி கொடுப்பார். ஆக, குறைந்தபட்சம் 4.5 கோடிப் பங்குகள், 2.25 கோடி வெள்ளி நிச்சயம்.

இதில் கவனிக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. நிறுவனத்தின் வாக்குரிமைப் பங்குகளில் 33 விழுக்காட்டுக்கு மேல் ஒருவர் கைக்குப் போனால், மற்ற எல்லாருடைய பங்குகளையும் வாங்க முன்வந்தாக வேண்டும். கையகப்படுத்தல் விதி அது. எங்கள் வரைவில், மற்றவர்கள் யாரும் வாங்காத சூழலில் அவருடைய பங்கு 44.5 கோடியில் 14.5 கோடி. அதாவது 32.58 விழுக்காடு. எல்லைக்குள்தான் இருந்தது.

இந்தக் கணக்குகளைப் போடும் கணினி அட்டவணையை, அதாவது மாடலை, முதலில் கட்டிய நிர்வாகி நவம்பர் நடுவில் வேறு வேலைக்குப் போய்விட்டார். முறையான ஒப்படைப்பு நடக்கவில்லை. அட்டவணைகளை "அழகுபடுத்தும்" பொறுப்பு மாணவிக்கு வந்தது. சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது.

வியாழன் முதல் திங்கள் வரை

டிசம்பர் 1, வியாழன் மாலை. வெரிஃபிகேஷனுக்காக, நிறுவனம் புர்சாவில் வெளியிட்ட அறிவிப்புகளை மாணவி ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். நிறுவனம் தன் பங்குகளைத் தானே சந்தையில் வாங்கினால் அன்றே அறிவிக்க வேண்டும். அப்படிப் பல அறிவிப்புகள் இருந்தன. கூட்டிப் பார்த்தால் 1 கோடிப் பங்குகளை நிறுவனமே வாங்கிக் கருவூலப் பங்காக வைத்திருந்தது. கருவூலப் பங்குக்கு வாக்குரிமை கிடையாது, உரிமைப் பங்கும் கிடையாது. கணக்குக்கு எடுக்க வேண்டியது 40 கோடி அல்ல, 39 கோடி.

அவர் ஒரு தனித் தாளில் போட்டுப் பார்த்திருக்கிறார். 14.5 கோடியை 43.5 கோடியால் வகுத்தால் 33.33 விழுக்காடு. எல்லை தாண்டிவிட்டது.

அந்தத் தாளை எனக்குப் பிற்பாடு காட்டினார். கணக்கு சுத்தமாக இருந்தது. கீழே இரண்டு கோடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் என் மேசைக்கு ஆறடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமையும் வேலைக்கு வந்தோம். மதியம் நானும் அவரும் பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். அவர் அதிகம் பேசவில்லை, களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் நிறுவனத்தின் நிர்வாகக் குழுக் கூட்டம் செவ்வாய்க்கிழமை. அது முடிந்ததும் அன்று மாலையே புர்சாவில் அறிவிப்பு வெளியாக வேண்டும்.

திங்கள் மாலை ஏழு மணிக்கு வாடிக்கையாளரின் நிறுவனச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். வரைவைப் படித்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்த 40 கோடியில் கருவூலப் பங்கைக் கழித்தீர்களா? நான் மாடலைத் திறந்தேன். கழிக்கவில்லை. அதே கூட்டலும் வகுத்தலும் என் திரையிலும் 33.33 என்று காட்டின.

அன்றிரவு நாலு பேர் உட்கார்ந்தோம். நிர்வாகக் குழுக் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லி எங்கள் பிரிவுத் தலைவர் வாடிக்கையாளரிடம் பேசினார். இரவு பதினொன்றரைக்கு, மற்றவர்கள் காப்பி எடுக்கப் போன நேரத்தில், மாணவி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, நான் வியாழக்கிழமையே பார்த்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க ஒன்றுமில்லை. "அப்புறம் ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். அவர் அழவில்லை. "எண்கள் முடிவாயிடுச்சுன்னு சொன்னாங்க. பெரியவங்க பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார். அதற்கு மேல் அன்று பேச முடியவில்லை. கடைசி ரயில் போய்விட்டது. கிராப் வாடகைக் கார் பிடித்து வீட்டுக்கு அனுப்பினேன். அப்போதுதான், இத்தனை மாதமும் இரவுக் கிராப் செலவைத் தன் படித்தொகையிலிருந்தே கொடுத்து வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. இரவுப் பயணச் செலவுக்கான சலுகை நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் என்று விதி. அதை எனக்கும் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காரணங்களைக் கேட்டபோது

புதன்கிழமை அவரோடு ஒரு மணி நேரம் தனியாகப் பேசினேன், தமிழில். அவர் சொன்னவற்றைச் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

முதலாவது, முன்பு கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது. இரண்டாவது, மொழி. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் தெளிவாக எழுதுவார். கூட்டத்தில் மற்றவர்கள் பேசும் வேகத்துக்கு நடுவே ஓர் ஐயத்தை எப்படி நுழைப்பது என்று தெரியவில்லை. வாக்கியத்தை மனத்தில் கோர்த்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். மூன்றாவது, வளர்ப்பு: "பெரியவங்க பேசுற இடத்துல வாய் தெறக்காதேன்னு சொல்லித்தான் வளர்த்தாங்க." நான்காவதாக அவர் சொன்னதுதான் என்னை நிறுத்தியது. "முதல் வாரம் நீங்க சொன்னீங்களேக்கா, இங்க கேட்டது எதுவும் வாய்ல வரக்கூடாதுன்னு. அந்த வாங்கின பங்கு விஷயத்தை யார்கிட்ட சொல்லலாம், யார்கிட்ட கூடாதுன்னு எனக்குத் தெரியல."

அந்த அறிவிப்புகள் புர்சாவின் இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடியவை. அது அவருக்கும் தெரியும். ஆனால் ஐந்து மாதம் வாயைக் கட்டப் பழகிய ஒருவருக்கு, வெளியாள் எது, உள்ளாள் எது என்ற கோடு பதற்றமான நேரத்தில் அழிந்துபோயிற்று. வெளியே பேசாதே என்று இரண்டு நாள் பாடம் நடத்திய நான், உள்ளே பேசு என்று இரண்டு நிமிடம்கூட ஒதுக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

வியாழன் காலை பிரிவுத் தலைவர், மனிதவள அதிகாரி, நான் மூவரும் கூடினோம். பல்கலைக்கழக விரிவுரையாளர் தொலைபேசியில் இணைந்தார். மூன்று வழிகள் பேசப்பட்டன: பயிற்சியை நிறுத்திப் பல்கலைக்கழகத்துக்குத் திருப்பி அனுப்புவது, மீதி மாதங்களுக்கு அலுவலக நிர்வாகத்துக்கு மாற்றுவது, அதே கோப்பில் தொடரவிடுவது.

தலைவர் தயங்கினார். தெரியாமல் தவறு செய்பவரைத் திருத்தலாம், தெரிந்தும் சொல்லாதவரை எப்படி நம்புவது என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். என் பதில் இரண்டு. மாடலைக் கட்டியவர், ஒப்படைக்காமல் விட்டவர்கள், சரிபார்த்துக் கையொப்பமிட்ட நான் என்று எல்லாரும் தவறவிட்ட ஒன்றைக் கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தான். அவரை வெளியேற்றினால் தவறு என் கையொப்பத்துக்குக் கீழே அப்படியே இருக்கும். இரண்டாவது, திங்கள் இரவு அவர் சொல்லாமலே இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னார்.

தொடரவிடுவது என்று முடிவாயிற்று. ஆனால் நிபந்தனையோடு. நடந்ததை முதலில் அவரே எழுத வேண்டும், அது இடைக்கால அறிக்கையில் மறைக்காமல் சேர்க்கப்படும். என் பங்கை நானும் எழுதித் தலைவரிடம் கொடுத்தேன். விரிவுரையாளர் இதை வலியுறுத்தினார், சரியாகவே செய்தார்.

பிரிவுக்குள் செய்த மாற்றங்களில் முக்கியமானது ஐயப்பக்கம். ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பக்கம் திறந்தோம். யாரும் அதில் ஓர் ஐயத்தை, எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்திலிருந்து எழுந்தது என்ற குறிப்போடு எழுதலாம். கோப்புப் பொறுப்பாளர் ஒரு வேலைநாளுக்குள் பதில் எழுதியாக வேண்டும். பேச்சு வேகத்தோடு போட்டி போட முடியாதவருக்கு எழுத்து ஒரு வழி என்பதே எண்ணம். மாடலில் பங்கு எண்ணிக்கை போன்ற அடிப்படை எண்களுக்கு அருகே தேதியும் ஆதாரமும் எழுதுவது கட்டாயமாயிற்று. இரவு ஒன்பதுக்கு மேல் வேலை செய்தால் பயிற்சி மாணவருக்கும் பயணச் செலவு உண்டு என்று மனிதவளப் பிரிவு ஒத்துக்கொண்டது. முந்தைய மாதங்களில் அவர் செலவழித்ததையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

மாணவிக்கென்று எடுத்த முடிவு: உதிரி வேலைகளைக் குறைத்து, இந்த ஒரே கோப்பை முதலிலிருந்து முடிவுவரை அவர் கையில் வைப்பது. மூன்று மாத மாணவருக்கு அது முடியாது. அவர் போட்ட எண்ணைப் பங்குதாரர் படிக்கும்போது அவர் பல்கலைக்கழகத்தில் இருப்பார்.

கோப்பின் சிக்கலையும் தீர்க்க வேண்டியிருந்தது. 33 விழுக்காட்டு விதியிலிருந்து விலக்கு கேட்டு, மூலதனச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செக்யூரிட்டீஸ் கமிஷனுக்குப் போகலாம், ஆனால் மாதக்கணக்கில் காலம் பிடிக்கும். பெரிய பங்குதாரரின் கூடுதல் உறுதியை 2 கோடியிலிருந்து 1.7 கோடியாகக் குறைப்பதே எளிது. அப்போது 43.2 கோடியில் 14.2 கோடி, 32.87 விழுக்காடு. நிச்சயத் தொகை 2.25 கோடியிலிருந்து 2.1 கோடி வெள்ளியாகக் குறையும். வாடிக்கையாளர் சம்மதித்தார். டிசம்பர் 13 அறிவிப்பு வெளியானது. 1.7 கோடி என்ற எண்ணை எனக்கு முன்பே போட்டு வைத்திருந்தவர் மாணவி.

பிறகு நடந்தவை

ஐயப்பக்கம் முதல் இரண்டு வாரம் வெறுமையாகக் கிடந்தது. நான் குழம்பினேன். பிறகு புரிந்தது: அது மாணவிக்காகத் திறந்த பக்கம் என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதில் எழுதுவது தன் குறையைத் தானே சுட்டுவது போல அவருக்கு இருந்தது. ஜனவரி தொடக்கத்தில் நானே என் ஐயம் ஒன்றை எழுதினேன். உண்மையாகவே எனக்குத் தெரியாத ஒன்று. அதற்குப் பதில் எழுதியவர் இன்னொரு நிர்வாகி. அடுத்த நாள் மாணவியின் முதல் வரி வந்தது.

அந்த முதல் ஐயம் தவறானது. உரிமைக்குப் பிந்தைய கோட்பாட்டு விலையை, அதாவது புதிய பங்குகள் சேர்ந்த பிறகு ஒரு பங்குக்குக் கணக்குப்படி வர வேண்டிய விலையை, நாங்கள் 66 காசு என்று போட்டிருந்தோம். நாலு பங்கு 70 காசு, ஒரு பங்கு 50 காசு, மொத்தம் 3.30 வெள்ளியை ஐந்தால் வகுத்தது. முந்தைய நாள் முடிவு விலை 70 காசு அல்லவே என்று கேட்டிருந்தார். ஒரு நாளின் விலையை எடுப்பதில்லை, ஐந்து நாள் வர்த்தக அளவையும் சேர்த்த சராசரியை எடுப்போம் என்று பதில் எழுதப் பத்து நிமிடம் ஆனது. தவறான ஐயத்துக்கும் அதே மரியாதையோடு பதில் வந்ததைப் பார்த்தாரே, அதற்குப் பிறகுதான் அவர் தடையில்லாமல் எழுதத் தொடங்கினார் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பும் இருந்தது. எழுதி வைத்த ஐயங்கள் பின்னாளில் வழக்கு என்று வந்தால் நமக்கே எதிராகுமே என்று ஒரு மூத்த அதிகாரி கேட்டார். வழக்கறிஞரைக் கலந்தோம். ஐயத்தைத் தீர்க்காமல் விடுவதுதான் ஆபத்து, ஒவ்வொன்றும் எப்படித் தீர்ந்தது என்பதை எழுதி மூடுங்கள் என்றார். அந்த அதிகாரி இன்றுவரை அந்தப் பக்கத்தில் எழுதுவதில்லை, ஆனால் பதில் தருகிறார்.

பிப்ரவரி 5 தைப்பூசம். அந்த வாரம் புர்சாவின் கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டியிருந்தது. மாணவியின் அம்மாவுக்குப் பத்துமலையில் பால்குட நேர்த்திக்கடன். முன்பென்றால் கேட்டிருக்க மாட்டார். இந்த முறை மூன்று நாள் முன்பே வந்து விடுப்புக் கேட்டார், யார் எதைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற குறிப்போடு.

மார்ச் கடைசியில் சிறப்புப் பொதுக்கூட்டம். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு விடுதி மண்டபம். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வயதான பங்குதாரர் ஒருவர் எழுந்து மலாயில் கேட்டார்: என்னிடம் புதிய பங்கு வாங்கப் பணம் இல்லை, நான் வாங்காவிட்டால் எனக்கு என்ன ஆகும்? மேடையில் இருந்தவர் சர்குலரைப் புரட்டினார். எல்லாரும் வாங்கி இவர் மட்டும் வாங்காவிட்டால் 39 கோடி 48.75 கோடி ஆகும். நிறுவனத்தில் இவருடைய பங்கு ஐந்தில் ஒரு பாகம் குறையும். வாங்க விரும்பாதவர் உரிமையை மட்டும் சந்தையில் விற்கலாம். மேடையிலிருந்தவர் படித்தது மாணவி போட்ட அட்டவணை. 40 கோடியை வைத்துப் போட்டிருந்தாலும் விகிதம் அதேதான், ஆனால் அந்தப் பெரியவர் கையில் இருந்த தாளில் பங்கு எண்ணிக்கை பொய்யாக இருந்திருக்கும். மாணவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில், "நான் இது வரைக்கும் அந்தத் தாளை யார் படிப்பாங்கன்னு நினைச்சதே இல்லக்கா" என்றார்.

மே 3 அன்று பேங்க் நெகாரா மறுபடியும் கால் விழுக்காடு ஏற்றி 3 விழுக்காடாக்கியது. அவர் சேர்ந்த வாரம் தொடங்கி அது நான்காவது ஏற்றம். 3 கோடிக் கடனை அடைப்பதால் மிச்சமாகும் வட்டி இன்னும் 75,000 வெள்ளி கூடும், 24 விழுக்காடு நிறுவன வரி போக 57,000 வெள்ளி என்று அன்று மதியமே ஐயப்பக்கத்தில் குறிப்பு எழுதிவிட்டார். யாரும் கேட்கவில்லை. மே கடைசி வாரம் புதிய பங்குகள் பட்டியலிடப்பட்டன.

ஜூன் 30 அவருடைய கடைசி நாள். பல்கலைக்கழக மதிப்பீட்டில் அவருக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைக்கவில்லை. முதல் ஆறு மாதத்துக்கு, கருத்தை எடுத்துச் சொல்லும் திறனுக்கான பகுதியில் நான் குறைவாகவே போட்டிருந்தேன், அதை மாற்றவில்லை. அவரும் கேட்கவில்லை. எங்கள் பிரிவிலேயே வேலை தர முன்வந்தோம். மறுத்துவிட்டார். கிள்ளானில் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் நிதிப் பிரிவில் சேர்ந்திருக்கிறார். மாலை ஆறுக்கு வீட்டுக்குப் போகலாம், வார இறுதியில் தோட்டத்துக்குப் போய் அப்பாவைப் பார்க்கலாம். அவர் சொன்ன காரணம் அதுதான். எனக்கு ஏமாற்றம்தான், ஆனால் அந்தக் காரணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுபடியும் செய்வதானால்

முதல் வாரப் பயிற்சியை இப்போது வேறுவிதமாக நடத்துகிறேன். ஒரு கோப்பின் உள்வட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பெயர்ப்பட்டியலை முதலில் கையில் கொடுத்துவிட்டு, இவர்களுக்கு வெளியே ஒன்றும் பேசாதே, இவர்களிடம் ஒன்றையும் ஒளிக்காதே என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறேன். ஐயம் கேட்கும் வாக்கியங்களை ஆங்கிலத்திலும் மலாயிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகவைக்கிறேன். சின்ன விஷயமாகத் தோன்றும். நாக்கில் பழகாத வாக்கியம் அவசரத்தில் வராது.

வேலையை விட்டுப் போகிறவரின் மாடலை, குறைந்தது அரை நாள் உட்கார்ந்து ஒப்படைக்காமல், மாணவர் கைக்கு மாற்றக்கூடாது. இதில் விதிவிலக்கு கொடுக்க மாட்டேன்.

தமிழில் பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அவருக்கு இளைப்பாறும் இடமாக இருந்தது, எனக்கும்தான். ஆனால் அவர் என்னிடம் தனியாகத் தமிழில் சொன்ன நல்ல கருத்துகளை நானே கூட்டத்தில் ஆங்கிலத்தில் சொல்லிவந்தேன். உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். அவருடைய வாய்க்கு நான் குறுக்கே நின்றிருக்கிறேன். இனி, என்னிடம் தமிழில் சொல்வதை அன்றைக்கே கூட்டத்தில் சொல்ல வேண்டியவர் அவரவர்தான்.

விரிவுரையாளர் அந்த ஆண்டில் அலுவலகத்துக்கு இரண்டு முறைதான் வந்தார். முதல் வருகை ஆகஸ்டில், எல்லாம் நன்றாகத் தெரிந்த நேரத்தில். ஓராண்டுப் பயிற்சியில் நான்காம், ஐந்தாம் மாதம்தான் ஆள் உள்ளுக்குள் ஒடுங்கும் காலம் என்பது என் அனுபவம். அப்போது வந்து மாணவரோடு தனியாகப் பேசுங்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன், ஒத்துக்கொண்டார்.

படித்தொகையை 1,500 வெள்ளியாக்கக் கேட்டிருந்தேன். 1,200 ஆக்கினார்கள். செந்தூலில் தனி அறைக்கு அது போதாது. இந்த ஆண்டும் கேட்டு எழுதியிருக்கிறேன்.

இப்போது ஓராண்டுப் பயிற்சிக்கு இரண்டாவது மாணவர் வந்திருக்கிறார், ஈப்போவிலிருந்து. சேர்ந்த மூன்றாம் வாரம் ஐயப்பக்கத்தில் அவருடைய முதல் வரி: பக்கம் 14இல் இருக்கும் பங்கு எண்ணிக்கை எந்தத் தேதியில் எடுத்தது?

தேதி எழுதப்படாமல் இருந்தது. அன்று மாலைக்குள் எழுதினேன்.